இரண்டாயிரம் ரூபாய்க் கார்: ஜி. டி. நாயுடுவை நினைவுகூர்வது எப்படி?

மட்டாஞ்சேரியில் சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் அமெரிக்காவின் பிரெஸ்டன் டக்கரைப் பற்றிப் பேசினார். 51 கார்களோடு முடிந்துபோன நிறுவனம் அவருடையது. மோசடி வழக்கில் அவர் 1950-இல் விடுதலையானபோது ஆலை கைவிட்டுப் போயிருந்தது. நம் பக்கத்தில் அப்படி எவரேனும் உண்டா என்பது அவர் கேள்வி. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோயம்புத்தூர். விடை அங்கே இருக்கிறது.

கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டார் செய்தார். 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கி, அதன் விலை 2000 ரூபாய் என்றார். அரசு உரிமம் தரவில்லை. கார் உற்பத்திக்கு வரவேயில்லை.

மேதை, அரசின் அலட்சியம், தோல்வி என்று மேடைகளில் சொல்லப்படும் கதை இங்கே முடிந்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை. 1951-இல் இயற்றப்பட்ட தொழில்கள் வளர்ச்சி, ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1952 மே மாதத்தில்தான். மோட்டார்த் தொழிலைச் சில நிறுவனங்களின் கையில் குவிப்பதே அன்றைய கொள்கை. வெளிநாட்டு உதிரிகளைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும்கூட அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இங்கே கடையைக் கட்டின. நாயுடுவைத் தனிப்பட்ட முறையில் பழிவாங்கினார்கள் என்பதற்கு இந்தச் சூழலே மறுப்பு. தவிர, பட்டறையில் உருவான ஒரு மாதிரி வண்டியை வைத்து ஆலை விலையை நிறுவிவிட முடியாது. இதைச் சொன்னால் கோவை நண்பர்கள் கோபிப்பார்கள், பரவாயில்லை.

ஆனால் அந்த விலையைச் சோதித்துப் பார்க்கவும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்பதே என் வருத்தம். அதே அரசு, பத்தாண்டுகூட ஆகுமுன், மலிவு விலைக் கார் சாத்தியமா என்று ஆராய எல். கே. ஜா தலைமையில் குழு அமைத்தது. 1960களில் திருவனந்தபுரத்தில் கே. ஏ. பாலகிருஷ்ண மேனன் உருவாக்கிய 'அரவிந்த்' காரும் ஆலையைக் காணவில்லை. முதல் மாருதி 800 சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில். நாயுடு இறந்து அப்போது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.