எத்தனை விரல் காட்டினீர்கள்?

   

"பழசையே கட்டிக்கிட்டு அழுதா உலகம் எப்படிங்க முன்னேறும்? புதுமைதான் பெருமை"ன்னு எதிரணித் தலைவர் முழங்கிட்டுப் போனார். ஐயா, புதுமை வேண்டாம்னு நாங்க சொல்லலை. நாலு வருஷம் உழைக்குமான்னு கேட்கிறோம். அவ்வளவுதான்!

ஜெர்மனியிலே ஃபெலிக்ஸ் வாங்கெல் என்று ஒருவர். 1902-இல் பிறந்தவர். கார் என்ஜினையே மாற்றி யோசித்தவர். ஆனால் கடைசிவரை டிரைவிங் லைசென்ஸ் எடுக்காதவர்! (சிரிப்பு) கண்பார்வை அவ்வளவு மோசம்.

சாதாரண என்ஜினில் பிஸ்டன் சைக்கிள் பம்பு மாதிரி மேலும் கீழுமாக ஓடும். "எதுக்கு இந்த ஏற்ற இறக்கம்? சுத்திக்கிட்டே இருந்தா என்ன?" என்று நினைத்தார் வாங்கெல். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிறதே, ஏறக்குறைய அது மாதிரி. குழவி மட்டும் முக்கோணமாக இருக்கும். அதற்குப் பெயர் ரோட்டார். 1957-இல் முதல் மாதிரி என்ஜின் ஓடியது. ஓட வைத்தது என்.எஸ்.யு. என்ற ஜெர்மன் கம்பெனி.

1967-இல் அந்தக் கம்பெனி 'ரோ 80' என்ற காரை வெளியிட்டது. என்ஜினில் முக்கியமான அசையும் பாகங்கள் மூன்றே மூன்று: இரண்டு ரோட்டார், ஒரு தண்டு. அதிர்வே தெரியாது. 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருதும் கொடுத்தார்கள். பத்திரிகைகள் பாராட்டின. எதிரணிக்காரர்கள் அப்போது அங்கே இருந்திருந்தால் இவர்களும் கைதட்டியிருப்பார்கள்!

அப்புறம் என்ன ஆச்சு? அந்த முக்கோணத்தின் மூன்று முனையிலும் பட்டை மாதிரி ஒரு சீல் இருக்கும். சுவரை உரசிக்கொண்டே ஓடி, எரியும் வாயு பக்கத்து அறைக்குக் கசியாமல் தடுப்பது அதன் வேலை. சீல் தேய்ந்தது. வாயு கசிந்தது. வண்டி இழுக்கவில்லை. ஐம்பதாயிரம் கிலோமீட்டரைத் தொடும் முன்பே பல கார்களுக்கு என்ஜினையே மாற்ற வேண்டி வந்தது. மாற்றிக் கொடுத்த செலவெல்லாம் கம்பெனி தலையில்.

ஒரு கதை சொல்வார்கள். ரோ 80 வைத்திருக்கிற இருவர் ரோட்டில் எதிரெதிரே வந்தால் கையசைக்க மாட்டார்களாம். விரலைக் காட்டுவார்களாம். ஒருவர் மூன்று, இன்னொருவர் நான்கு. என்னவென்றால், இதுவரை எத்தனை என்ஜின் மாற்றியாச்சு என்று கணக்கு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்போ யோசிங்க. அந்தக் கம்பெனி என்ன ஆனது? 1969-இல் வோக்ஸ்வாகன் கைக்குள் போய்விட்டது. அந்தச் செலவும் அதற்கு ஒரு முக்கிய காரணம். 1977-இல் ரோ 80 நின்றது. 1985-இல் என்.எஸ்.யு. என்ற பெயரே கம்பெனிப் பெயரிலிருந்து போய்விட்டது. இன்றைக்கு அது ஆடி. மாப்பிள்ளை அழகாக இருக்கிறார் என்று அவசரமாகக் கல்யாணம் பண்ணி, கடைசியில் பெண் வீட்டார் வீட்டையே விற்ற கதை!

"ஜப்பானில் மஸ்தா ஜெயிச்சதே?"ன்னு எதிரணி கேட்கும். கேளுங்க, அதுதான் எங்களுக்குச் சாதகம்! 1961-இல் உரிமம் வாங்கினார்கள். கெனிச்சி யமாமோட்டோ என்பவர் தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்தார்கள். என்ஜின் சுவரில் விழுந்த கீறல்களுக்குப் 'பேயின் நகக்கீறல்' என்று பேர் வைத்து, சீலை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். 1967-இல்தான் கார் கடைக்கு வந்தது. அடுத்த வருடம் ஜெர்மனியில் 84 மணி நேரப் பந்தயம். அந்தக் கார் நான்காவதாக வந்தது. 1991-இல் லே மான் பந்தயத்தில் முதலிடம். யார் ஜெயித்தது? புதுமையா? இல்லை ஐயா, பொறுமை!

அப்படியும் பெட்ரோலும் ஆயிலும் அதிகம் குடிக்கும் பழக்கம் போகவில்லை. 2012-இல் ஆர்.எக்ஸ்.8 காரோடு சக்கரத்தைச் சுழற்றும் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு. 2023-இல் திரும்பி வந்தது, மின்சாரக் காருக்குக் கரண்ட் எடுத்துக் கொடுக்கிற ஜெனரேட்டராக!

நடுவர் அவர்களே, வாங்கெல் மூளையை நான் கும்பிடுகிறேன். ஆனால் விருது கொடுத்தவர் காரை ஒரு வாரம் ஓட்டியிருப்பார். வாங்கியவர்தான் வருஷக்கணக்கில் ஓட்டணும். குடும்பஸ்தன் கடன் வாங்கிப் போட்ட காசில் சோதனை நடத்தக் கூடாது. புதுமை கண்ணுக்கு விருந்து. உழைப்புதான் குடும்பத்துக்குச் சோறு. ஆகவே, நீடித்து உழைப்பதே சிறந்தது என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.