பயணச்சீட்டு வாங்காத தத்துவ ஆசிரியர்

1940 டிசம்பர் 29 இரவு லண்டன் மாநகரின் மையப்பகுதி ஜெர்மானியக் குண்டுகளால் பற்றியெரிந்தது. அது நிகழ்ந்து மூன்று நாள்கூட முழுமையாக ஆகாத 1941 ஜனவரி 1 அன்று, பி.பி.சி. வானொலியின் படைவீரர் அலைவரிசையில் ஒரு கேள்வி-பதில் நிகழ்ச்சி தொடங்கிற்று. பின்னாளில் ‘பிரெயின்ஸ் டிரஸ்ட்’ என்று புகழ்பெற்றது அதுதான். கேள்விகள் நேயர்களுடையவை, பதில் சொல்வோருக்கு அவை முன்கூட்டித் தெரியா. வானொலிப் பேச்சென்றாலே எழுதிவைத்து வாசிப்பதாக இருந்த காலத்தில் இது சிறிய துணிச்சல் அன்று.

விலங்கியல் அறிஞர் ஜூலியன் ஹக்ஸ்லி, உலகம் சுற்றிய கடற்படைக்காரர் கேம்ப்பெல், தத்துவ ஆசிரியர் சி.இ.எம். ஜோட் ஆகிய மூவரும் அதன் நிலையான குரல்கள். கூரையில் ஈ தலைகீழாக எப்படி அமர்கிறது என்ற கேள்வியும் அங்கே வந்தது. ஒழுக்கம், அழகு பற்றிய கேள்விகளும் வந்தன. எதுவானாலும் ஜோட் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்குவார்: நீங்கள் அச்சொல்லை என்ன பொருளில் கையாளுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. நாடே அதைச் சொல்லிச் சிரித்தது.

சிரிப்புக்குரியதாக அது நமக்குத் தோன்றவில்லை. ‘நேர்மையாக இருந்து என்ன கண்டோம்?’ என்று நம் வீடுகளில் அலுத்துக்கொள்வார்கள். ‘கண்டோம்’ என்றால் என்ன, பணமா, மதிப்பா, நிம்மதியா என்று ஒருவர் திருப்பிக் கேட்டுவிட்டால் அலுப்பு அங்கேயே விசாரணையாகிவிடுகிறது. சாக்ரடீஸ் சந்தையில் செய்ததும் ஏறக்குறைய இதுவே. ஜோட் கற்பித்த பர்க்பெக் கல்லூரியோ 1823இல் தொழிலாளர் கல்விக்கென நிறுவப்பட்டது. பகலில் உழைப்போர் மாலையில் வந்து படித்த இடம். களைத்து வந்தவர்களுக்குப் புரியும்படி பேசும் பழக்கம் அவருக்கு அங்கே கைவந்திருக்க வேண்டும்.

துறை சார்ந்த தத்துவவாதிகள் அவரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. மக்கள் ‘பேராசிரியர் ஜோட்’ என்றழைத்தார்கள். அவர் வகித்ததோ அதற்கு ஒரு படி கீழான ரீடர் பதவி. (அவரும் அதைத் திருத்த அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.) பிறர் கருத்துகளை எளிமைப்படுத்தினார், புதிதாக எதையும் சிந்திக்கவில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அதில் உண்மை உண்டு. ஆனால் 1936இல் வெளிவந்த அவருடைய தத்துவ வழிகாட்டி நூல் பிளேட்டோவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களைக் கணக்கில் எடுக்காமல் அந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

அவரை வீழ்த்தியவர்கள் அறிஞர்கள் அல்லர். 1948இல், வாட்டர்லூவிலிருந்து எக்ஸிடர் செல்லும் ரயிலில் உரிய பயணச்சீட்டின்றிப் பிடிபட்டார். வசதியில்லாமல் செய்த காரியமன்று. ரயில்வேயை ஏய்ப்பதைப் பற்றி முன்பே பெருமையாக எழுதியவர்தாம். அபராதம் இரண்டு பவுன். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் கொண்டாடின. பி.பி.சி. அவரை விலக்கியது, எதிர்பார்த்திருந்த பிரபுப் பட்டமும் கைநழுவியது. 1953இல் இறந்தார்.

இரண்டு பவுன் குற்றத்துக்கு இது மிகையான தண்டனை என்றே நமக்குப் படுகிறது. எனினும் அவருடைய நேயர்கள் கொண்ட ஏமாற்றத்தை வெறும் வம்பு என்று தள்ளவும் முடியவில்லை. ‘யாருக்கும் தெரியாதபோது நேர்மை எதற்கு?’ என்பது பிளேட்டோவே எழுப்பிய கேள்வி. அதைச் சமையலறை வானொலி வரை கொண்டுவந்தவர்களில் ஒருவர் அவர். நீதிமன்றத்தில் அந்தப் புகழ்பெற்ற தொடக்கத்தை அவர் கையாளவில்லை. கட்டணத்தைத் தவிர்க்கும் நோக்கத்துடனேயே பயணம் செய்தார் என்ற குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார்.