கெய்சரும் புகைபோக்கியும்

குளியலறையில் நாம் 'கெய்சர்' என்று சொல்வது ஐஸ்லாந்தின் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது 'ஷோஃபோ'. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர், எரிவாயுவால் உடனுக்குடன் வெந்நீர் தரும் கருவியைச் செய்து அந்தப் பெயரை வைத்தார். புகைபோக்கி மட்டும் வைக்கவில்லை. எரிந்த வாயு அறைக்குள்ளேயே நின்றது.

பிரான்சில் இருக்கும் என் மகன் கேம்பர் வண்டி வாங்கியபோது, வெந்நீருக்கு மின்சாரமா, புரொப்பேனா என்று கேட்டான். முகாமில் பிளக் கிடைத்தால் மின்சாரமே நல்லது, புகை இல்லை. பிளக் இல்லாத மலையில், பனியில் புரொப்பேன்தான். மைனஸ் 42 டிகிரி வரை அது ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்திலேயே படுத்துவிடும்.

"கேஸ் என்றால் புகைக்குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருப்பா" என்றேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மாகன் விட்ட குறை என் பேரப்பிள்ளைகள் தூங்கும் வண்டியில் தொடரக் கூடாது.