ரூட் கடவுச்சொல் மீட்பு

ரூட் கடவுச்சொல் மீட்பு: லினக்ஸ் சர்வர்களில் சகல அதிகாரங்களும் பெற்ற 'ரூட்' என்னும் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் மறந்துபோனவிடத்து, அக்கணக்கைத் திரும்பக் கைவசப்படுத்தும் முறை. மீட்பு என்பது உபசார வழக்கே. யூனிக்ஸ் குறித்து ராபர்ட் மாரிசும் கென் தாம்ப்சனும் 1979இல் விவரித்த ஒருவழிக் குறியாக்கத்தின் மரபு இங்கும் தொடர்வதால், பழைய சொல்லை அறிதல் இயலாமையின், புதியதொன்றே பிரதிஷ்டை செய்யப்படுகிறது. இயந்திரத்தின் முன்னமர்ந்து அதனை மீளத் துவக்கி, 'கிரப்' என்னும் துவக்கநிரலில், இயங்குதளத்தின் கருவான கெர்னலை ஏற்றும் வரியில், முதற்கண் கட்டளைகளை ஏற்கும் ஷெல்லையே இயக்குமாறு ஒரு குறிப்பைச் சேர்த்தால், கடவுச்சொல் கேளாமலே அந்த ஷெல் தோன்றும்; பின்னர், வாசிக்க மட்டும் இசைந்திருக்கும் மூலக் கோப்பமைப்பை எழுதவும் இசையுமாறு மீள இணைத்து, கடவுச்சொல் மாற்றும் கட்டளையை இட, கடவுச்சொற்களின் குறியாக்க வடிவங்களைத் தாங்கும் 'ஷேடோ' கோப்பில் புதிய குறி பதிவாகும். வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின், அதன் திறவுச்சொல் இன்றி இம்முறை பயன்படாது.