வாஷிங்டன் என்னும் குடிப்பெயர்

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் நிறுத்தி எழுதும் வழக்கினையுடைய நமக்கு, தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடிப்பெயர் சற்றுப் புதுமையானதொன்றாகும். நம்மவரிடையே தந்தையின் பெயர் மக்களோடு நின்றுவிடும். பேரனுக்கு வேறோர் எழுத்து வந்துவிடும். ஆங்கிலேயரிடையேயோ ஒருவர் தாங்கிய பெயரை அவருக்குப் பின் இருபது தலைமுறையினரும் தாங்கி நிற்பர். ஆதலின் குடிப்பெயர் ஒன்றாயிருப்பின் குருதியும் ஒன்றாயிருத்தல் வேண்டும் எனக் கருதுதல் இயல்பு. இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஒரு பெயரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பெயர் ஓர் ஊருக்கும், ஒரு குடிக்கும், ஒரு வல்லரசின் தலைநகருக்கும், அடிமைத்தளையிலிருந்து மீண்ட எண்ணிறந்த மக்களுக்கும் உரியதாகிய வாஷிங்டன் என்பது.

இங்கிலாந்தின் வடகிழக்கே, வெயர் ஆற்றுக்கு அண்மையில், பழைய டர்ஹம் கோட்டத்தில் வாஷிங்டன் என்னும் சிற்றூர் இருந்தது. 1964 ஆம் ஆண்டில் அது புதுநகராக வகுக்கப்பட்டது. இன்று சண்டர்லாந்து மாநகரத்தின் ஆட்சி எல்லையுள் அடங்குகின்றது. பழைய ஆங்கில மொழியிலே 'தூன்' என்னுஞ் சொல் பண்ணையையும் குடியிருப்பையும் குறித்தது. வாசா என்பவனோடு தொடர்புடைய குடியிருப்பு என்பதே இவ்வூர்ப்பெயரின் பொருள் என்பர் இடப்பெயராய்வாளர். அந்த வாசாவைப் பற்றி அவன் பெயரன்றி வேறொன்றும் எஞ்சவில்லை. தென் இங்கிலாந்தில் சசெக்ஸ் கோட்டத்திலும் இதே பெயருடைய வேறோர் ஊர் உண்டு. எனினும் நாம் ஆராயும் குடிக்குப் பெயர் தந்தது வடபாலுள்ள ஊரேயாம்.

1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், நிலப்பிரபுக்கள் தாம் ஆண்ட ஊரின் பெயரால் அழைக்கப்படும் வழக்கம் பரவலாயிற்று. 1183 ஆம் ஆண்டில் டர்ஹம் மேற்றிராணியாரின் ஆணைப்படி, அவருக்குரிய நிலங்களையும் அவற்றால் வரும் இறைகளையும் தொகுத்துக் கூறும் 'போல்டன் ஏடு' எழுதப்பட்டது. வில்லியம் என்னும் பிரபு ஒருவர், தமக்குரிய ஹார்ட்பேர்ண் என்னும் ஊரைக் கொடுத்து அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றார் என அவ்வேடு குறிக்கின்றது. ஊர் மாறியதோடு பெயரும் மாறிற்று. ஹார்ட்பேர்ண் வில்லியமாக இருந்தவரின் குடி, வாஷிங்டன் குடியாயிற்று. அன்று அந்த நிலமாற்று நிகழாதிருப்பின், அமெரிக்க நாட்டின் தலைநகர் இன்று வேறொரு பெயரால் வழங்கியிருக்கும். ஆகவே இப்பெயர் தோற்றத்திற் குருதியைக் குறிக்கவில்லை; நிலத்தையே குறித்தது என்பது மனங்கொளத்தக்கது.

ஊரைவிட்டு வேறிடங்களுக்குச் சென்ற கிளைகளும் அப்பெயரை விடவில்லை. அக்காலத்திற்றான் ஊர்ப்பெயர் குடிப்பெயராகி நிலைபெற்றது. லங்காஷயரிற் குடியேறிய கிளையொன்றில் தோன்றிய லோரன்ஸ் வாஷிங்டன் என்பார், கம்பளி வாணிகத்தாற் பொருளீட்டி, நோர்தம்ப்டன் நகரின் நகரபிதாவாக 1532 இலும் 1545 இலும் விளங்கினார். எட்டாம் ஹென்றி மன்னன் துறவியர் மடங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களைக் கைக்கொண்டபோது, அவற்றுள் ஒன்றாகிய சல்கிரேவ் பண்ணையை 1539 ஆம் ஆண்டில் இவர் விலைக்கு வாங்கினார். அங்கே இவர் எடுப்பித்த மனை இன்றும் உள்ளது. இக்குடியினரின் கேடயச் சின்னத்தில் இரண்டு செம்பட்டைகளும் அவற்றுக்கு மேல் மூன்று செந்நிற விண்மீன்களும் காணப்படும். அமெரிக்கத் தலைநகரம் 1938 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட கொடி இச்சின்னத்தைத் தழுவியதேயாகும். அமெரிக்க நாட்டுக் கொடியும் இதிலிருந்தே தோன்றியது எனப் பலர் கூறுவர். அதற்குத் தக்க சான்று இல்லை.

பதினேழாம் நூற்றாண்டில் மன்னனுக்கும் பாராளுமன்றத்திற்கும் இடையே போர் மூண்டது. எசெக்ஸ் கோட்டத்திற் பேர்லி என்னும் ஊரிற் குருவானவராயிருந்த மற்றொரு லோரன்ஸ் வாஷிங்டன், மதுச்சாலைகளுக்கு அடிக்கடி செல்பவர் என்னுங் குற்றச்சாட்டின் பேரில் 1643 இற் பாராளுமன்றக் கட்சியினராற் பதவி நீக்கப்பட்டார். அவர் குடும்பம் வறுமையுற்றது. அவர்தம் மைந்தர் ஜோன் வாஷிங்டன் கப்பற்றொழிலை மேற்கொண்டு வேர்ஜீனியாவுக்குச் சென்றார். 1657 இல், திரும்பும் வேளையில், அவருடைய கப்பல் பொட்டோமாக் ஆற்றிலே தரைதட்டிற்று. அவர் அங்கேயே தங்கி மணஞ்செய்து, நிலம் பெற்று, புகையிலைப் பயிர்ச்செய்கையில் ஈடுபட்டார். அவருடைய மகனின் பேரனாக 1732 ஆம் ஆண்டிற் பிறந்தவரே ஜோர்ஜ் வாஷிங்டன்.

இதுகாறும் இப்பெயர் நிலத்தையும் குருதியையும் பற்றி வந்தமை கண்டோம். இனி அது அவ்விரண்டையும் விட்டு நீங்குதலைக் காண்போம்.

ஜோர்ஜ் வாஷிங்டன் விடுதலைப் போரிற் படைத்தலைவராகவும், 1789 முதல் 1797 வரை நாட்டின் முதற் சனாதிபதியாகவும் விளங்கினார். அவர் உயிரோடிருக்கும்போதே, 1791 இல், புதிய தலைநகருக்கு அவர் பெயர் இடப்பட்டது. 1800 இல் அரசாங்கம் அந்நகருக்கு வந்தது. நாட்டின் மேற்குக் கரையில் 1853 இல் அமைக்கப்பட்ட ஆட்சிப் பகுதிக்குக் கொலம்பியா எனப் பெயரிட முதலில் எண்ணினர். தலைநகர் அமைந்த கொலம்பியா மாவட்டத்தோடு மயங்கும் எனக் கருதி, வாஷிங்டன் எனப் பெயரிட்டனர். மயக்கம் தீர்ந்தபாடில்லை என்பதை அந்நாட்டார் இன்றும் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. அப்பகுதி 1889 இல் மாநிலமாயிற்று. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 6,288 அடி உயரமுள்ள மலையும் இப்பெயரையே தாங்கி நிற்கின்றது. ஊரிலிருந்து குடிக்குச் சென்ற பெயர், மீண்டும் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது.

இஃது ஒருபுறமிருக்க, பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வாஷிங்டன் என்பதனை இயற்பெயராகவும் இடத் தலைப்பட்டனர். 1783 இற் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆனால் இத்துணைப் புகழை அப்பெயருக்கு ஈட்டித் தந்த ஜோர்ஜ் வாஷிங்டனுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. அவருடைய குருதி வழியில் அப்பெயரைத் தாங்குவார் எவருமிலர்.

அவருடைய வாழ்வின் மற்றொரு பக்கத்தையும் வரலாற்று மாணவர் மறைத்தல் ஆகாது. தம் பதினோராம் வயதில், தந்தையார் இறந்தபோது, பத்து அடிமைகள் அவருக்கு முதுசொமாக வந்தனர். அவர் மறைந்த 1799 ஆம் ஆண்டில், மவுண்ட் வேர்ணன் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தனர். அவருள் 123 பேர் அவருக்கு நேரே உரியோர். 153 பேர் அவர் மனைவியார் மார்த்தாவின் முதற் கணவரது சொத்தைச் சார்ந்தோர். எஞ்சியோர் பெரும்பாலும் பிறரிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டோர். தமக்குரியோர் மனைவியாரின் காலத்துக்குப் பின் விடுதலை பெறுதல் வேண்டும் எனத் தம் மரணசாசனத்தில் அவர் விதித்திருந்தார். மார்த்தா அதுவரை காத்திராது, 1801 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அவர்களை விடுவித்தார். மற்றை 153 பேரும் விடுதலை பெற்றாரல்லர். இரு பகுதியினரும் தம்முள் மணஞ்செய்திருந்தமையால், கணவன் விடுதலை பெற மனைவியும் மக்களும் அடிமைகளாயிருந்த குடும்பங்கள் பலவாயின. பின்னர் அப்பண்ணைக்கு உரியவரான ஜோர்ஜின் தமையன் தம்பியர் வழி மைந்தர் புஷ்ரொட் வாஷிங்டன், உயர் நீதிமன்ற நீதியரசராயிருந்தும், 1821 இல் 54 அடிமைகளை விற்றார்.

இவ்வடிமைகளுள் ஒருவர் ஹரி என்பார். ஆபிரிக்காவிற் காம்பியா ஆற்றுப் பகுதியிற் பிறந்து, கடல் கடத்தி விற்கப்பட்டு, மவுண்ட் வேர்ணனுக்கு வந்து சேர்ந்தவர். 1776 இல், தலைவர் விடுதலைக்காகப் போர் நடத்திக்கொண்டிருக்க, ஹரி தம் விடுதலையை நாடிப் பிரித்தானியர் பக்கம் ஓடினார். 1783 இற் பிரித்தானியர் நியூயோர்க்கைவிட்டு நீங்கியபோது, தம்மோடு சென்ற ஏறத்தாழ 3,000 கறுப்பின மக்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதினர். அதில் அவர் ஹரி வாஷிங்டன் எனப் பதியப்பட்டார். நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த பின், 1792 இல் ஆபிரிக்காவின் சியெரா லியோனுக்குச் சென்று குடியேறினார். அங்கே ஆட்சி நடத்திய வணிகக் குழு விதித்த நிலவரியை எதிர்த்து 1800 இல் எழுந்த கிளர்ச்சியிற் பங்குகொண்டு நாடு கடத்தப்பட்டார். தம் பழைய தலைவரைப் போலவே, வரி விதித்த ஆட்சியை எதிர்த்தெழுந்தார் ஹரி; ஒருவர் பெயர் மாநகராயிற்று, மற்றவர் பெயர் பதிவேட்டில் ஒரு வரியாக நின்றது. வரலாறு இருவரையும் ஒருங்கே நினைத்தல் முறை.

மற்றொருவர் கல்விமான் புக்கர் வாஷிங்டன். 1856 இல் வேர்ஜீனியாவில் அடிமைத்தாயின் வயிற்றிற் பிறந்த இவருக்குப் புக்கர் என்பதன்றி வேறு பெயர் வழங்கவில்லை. 1865 இல் விடுதலை கிடைத்த பின், உப்பு வேலைத்தலத்தில் உழைத்துக்கொண்டே பள்ளிக்குச் சென்றார். ஆசிரியர் இடாப்பிலே பெயர் பதியும்போது, மற்றைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு பெயர் இருத்தலைக் கண்டு சிறுவர் திகைத்தார். தம் முறை வந்ததும், முன்னரே அப்பெயரால் அழைக்கப்பட்டவர்போல், புக்கர் வாஷிங்டன் எனத் தயங்காது விடையிறுத்தார். அவருடைய சிறிய தந்தையாரின் இயற்பெயர் வாஷிங்டன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. புகழ்பெற்ற குடிப்பெயர் ஒரு மனிதருக்கு இயற்பெயராகி, அம்மனிதர் வளர்த்த பிள்ளைக்கு மீண்டும் குடிப்பெயரான விந்தை இது. அச்சிறுவர் வளர்ந்து, 1881 முதல் அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவராயிருந்து தம்மினத்தாருக்குக் கல்வியும் கைத்தொழிலும் புகட்டினார். தென்னாபிரிக்காவில் வாழ்ந்த காந்தியடிகளும் 1903 இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் இவர் பணியைப் போற்றி எழுதினார்.

அடிமைகளாயிருந்தோர் அனைவரும் பெயரோடு பதியப்பெற்ற முதற் குடிசன மதிப்பு 1870 ஆம் ஆண்டினதாகும். அக்காலத்தே அவர்கள் பெயர் கொண்ட முறை பலவகைப்பட்டது. சிலர் தம் கடைசி உடைமையாளரின் பெயரைக் கொண்டனர். சிலர் தம் பெற்றோர் இருந்த பழைய பண்ணைக்கு உரியவரின் பெயரைக் கொண்டனர். சிலர் தந்தையின் இயற்பெயரைக் குடிப்பெயராக்கினர். சிலர் நாட்டின் விடுதலையோடு இணைந்த பெயரைத் தாமே தெரிந்தெடுத்தனர். உடைமையாளர் அறியாவண்ணம் முன்னரே குடிப்பெயர் வழங்கிவந்தோரும் உளர். ஆதலின் இப்பெயருடைய கறுப்பின மக்கள் யாவரும் மவுண்ட் வேர்ணன் அடிமைகளின் வழிவந்தோர் எனக் கொள்ளுதல் பிழையாகும். 2000 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, அமெரிக்காவில் வாஷிங்டன் என்னும் குடிப்பெயருடையோர் 163,036 பேர். அவருள் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பின மக்களாவர். சிக்காகோ மாநகரின் முதற் கறுப்பின நகரபிதாவாக 1983 இற் பதவியேற்ற ஹரல்ட் வாஷிங்டனும் இப்பெயரினரே.

வாசா என்னும் பழைய ஆங்கிலேயன் ஒருவனின் நினைவாய்த் தோன்றிய பெயர், நிலமாற்றினால் ஒரு குடியை அடைந்து, கடல் கடந்து, ஒருவரின் புகழால் நகரங்களையும் மலைகளையும் சேர்ந்து, ஈற்றில் ஆபிரிக்க வழியினரின் உரிமையாய் நிலைபெற்றமை இதுகாறும் கூறியவாற்றாற் புலனாகும். சல்கிரேவ் மனையின் வாயிலிலும், டர்ஹம் கோட்டத்துப் பழைய மண்டபத்திலும் அப்பெயரின் தொடக்கத்தைக் காணலாம். ஆனால் அதன் முழு வரலாற்றையும் அறிய விரும்புவோர், அப்பதிவேட்டையும் அப்பள்ளியின் இடாப்பையும் நினைத்தல் வேண்டும். பெயரைத் தந்தோர் சிலர், பெற்றோர் சிலர், பெயரே அற்றவராய் நின்று, ஆசிரியர் வினவியபோது தமக்கெனவொன்றைத் தாமே உரைத்தோர் சிலர். இவருள் இறுதியிற் கூறப்பட்டோரின் உரிமை ஏனையோர் உரிமையினுங் குறைந்ததன்று.