ஸ்வெட்டர் கொன்ற ஐ.சி.

ஜெய்ப்பூருக்கு மாற்றலாகி வந்து இது நாலாவது குளிர்காலம். வந்த முதல் டிசம்பரில் கிளையில் இருந்த ஸ்டீல் பீரோவின் கைப்பிடியைத் தொட்டேன், சுள்ளென்று அடித்தது. வயரிங் கோளாறு என்று நினைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் பீரோவைப் பார்க்கவே இல்லை. என் ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாகப்பட்டினத்து உப்புக்காற்றில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புதுசு.

அந்தச் சுள்ளாப்பு போன ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எட்டாவது படிக்கும் மகன் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கினான். பத்து எல்.இ.டி. விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டும். அதில் 555, 4017 என்று இரண்டே ஐ.சி. குளிருக்குப் பயந்து இருவரும் கம்பளி ஸ்வெட்டர், பிளாஸ்டிக் நாற்காலி, ரப்பர் செருப்பு சகிதம் உட்கார்ந்தோம். அவன் சால்டர் வைத்தான். நான் உதவுகிறேன் பேர்வழி என்று 4017-ஐக் கறுப்பு ஸ்பாஞ்சிலிருந்து பிடுங்கி, கால்களைத் தடவிப் பார்த்து, தெர்மாகோல் மூடியில் குத்தி வைத்தேன்.

விளக்கு ஓடவில்லை. முதல் விளக்கு மட்டும் எரிந்தபடி நின்றது. "சால்டரிங்கை ஒழுங்காப் பண்ணலடா, எல்லாத்துலயும் அவசரம்" என்று கத்தினேன். அவன் பதில் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் போர்டை ஒரு ரிப்பேர் கடைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். சால்டரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்றவர், வேறு 4017 போட்டார். விளக்குகள் ஓடின. "ஸ்வெட்டரோடு உட்கார்ந்து செய்தீர்களா?" என்று கேட்டார். நூற்றுக்கு நூறு நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அதற்கப்புறம் நான் தேடிப் படித்த வரலாறு முழுக்க என் பக்கம்தான் கையைக் காட்டுகிறது. பி.காம். படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

இந்த நிலைமின்சாரத்தை மனிதன் முதலில் பாடுபட்டுத்தான் உண்டாக்கினான். ஆம்பர் என்ற பிசின் கல்லைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பது கிரேக்கர்களுக்கே தெரியும். அந்தக் கல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் எலெக்ட்ரான். எலெக்ட்ரிக் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான்.

எனக்குப் பிடித்த ஆள் ஸ்டீபன் கிரே. இங்கிலாந்தில் சாயத் தொழில் செய்தவர். 1729-இல் மின்சாரத்தை நீளமான நூல் வழியாக அனுப்பிப் பார்த்தார். நூலைப் பட்டுக் கயிற்றில் தொங்கவிட்டால் மின்சாரம் போனது. பட்டு அறுந்ததால் பித்தளைக் கம்பியில் தொங்கவிட்டார், போகவில்லை. கம்பி வழியே கசிந்துவிட்டது. எது மின்சாரத்தைக் கடத்தும், எது கடத்தாது என்ற பாகுபாடு இப்படித்தான் பிறந்தது. 1730-இல் ஒரு சிறுவனைக் கயிறுகளில் அந்தரத்தில் தொங்கவிட்டு மின்னேற்றினார். சிறுவனின் உடம்பு, மெல்லிய உலோகத் தகட்டுத் துணுக்குகளை இழுத்தது. தரையோடு தொடர்பில்லாத உடம்பு மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று உலகம் பார்த்தது. ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக அன்றைக்கு நானும் அந்தச் சிறுவன்தான்!

1745-46-இல் லெய்டன் ஜாடி வந்தது. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கண்ணாடிக் குப்பி. பிரான்ஸில் நோலே என்ற பாதிரியார், அரசர் முன்னால் 180 காவல் வீரர்களைக் கைகோர்த்து நிற்கவைத்து ஜாடியைத் தொடச் செய்தார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். அதுவரை இது வேடிக்கை.

வினை வந்தது 1959-இல். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அட்டாலா, காங் என்ற இருவரும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரைச் செய்துகாட்டினார்கள். அதன் உயிர் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தில் இருக்கிறது. அளவுக்கு மீறிய வோல்டேஜ் பட்டால் படலம் பொத்துவிடும். அதனால் ஆரம்பகால மாஸ்ஃபெட்கள் சில, கால்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் உலோக வளையத்தோடு விற்கப்பட்டன. 1968-இல் ஆர்.சி.ஏ. கம்பெனி 4000 வரிசை சி-மாஸ் ஐ.சி.களைக் கொண்டுவந்தது. எங்கள் 4017 அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

காரணம் புரியாமல் சில்லுகள் சாவது பெரிய தலைவலியான பிறகு, 1979-இல் இதற்கென்றே அமெரிக்காவில் முதல் கருத்தரங்கு கூடியது. 1982-இல் தனிச் சங்கமே உருவானது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1980-ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. கம்பளத்தில் நடந்தால் காற்றில் ஈரப்பதம் 10-20 சதவீதம் இருக்கும்போது 35,000 வோல்ட் வரை ஏறலாம். 65-90 சதவீதத்தில் 1,500 வோல்ட்தான். ஜெய்ப்பூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்த வரியில் புரிந்தது.

இதில் மோசமான சங்கதி, சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே என்றால் நம் கைக்குச் சுள்ளென்றுகூடத் தெரியாது. சில சில்லுகளுக்குச் சில நூறு வோல்ட்டே போதும். இப்போதைய ஐ.சி.களுக்குள் பாதுகாப்பு டயோடுகள் உண்டு, அதற்கும் எல்லை இருக்கிறது. சில உடனே சாகாமல், அரைகுறைக் காயத்தோடு ஓடி ஆறு மாதம் கழித்துச் சாகும். புத்தகத்தில் நல்ல கணக்காக இருந்து திடீரென்று வாராக் கடனாகும் கணக்கு மாதிரி!

வீட்டில் கிட் செய்யும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு, நாங்கள் இப்போது பின்பற்றுபவை:

கம்பளி, நைலான் வேண்டாம். பருத்திச் சட்டை போதும். மேஜையில் தெர்மாகோலும் பிளாஸ்டிக் பையும் கூடாது. ஐ.சி.யைக் கடைசி நிமிடம் வரை கறுப்பு ஸ்பாஞ்சிலேயே வைத்திருங்கள். போர்டில் சாக்கெட்டை மட்டும் சால்டர் செய்து, ஐ.சி.யைக் கடைசியில் செருகுங்கள். கால்களைத் தொடாமல் உடம்பைப் பிடித்து எடுங்கள். சால்டரிங் அயர்ன் மூன்று பின் பிளக் உள்ளதாக இருக்கட்டும்.

மணிக்கட்டுப் பட்டை வாங்கினால், அதற்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். தப்பித்தவறி 230 வோல்ட் பட்டாலும் உடம்பில் கால் மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. வெறும் கம்பியைக் கையில் சுற்றி எர்த்தில் செருகுவது உயிருக்கே ஆபத்து. வாடகை வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கரண்ட் பாயும் சாதனத்தில் கை வைக்கும்போது பட்டையே வேண்டாம்.

கடையிலிருந்து வந்த அன்றே மகனிடம் சொன்னேன். "தப்பு உன்னோடது இல்லடா, என்னோடது."

"எனக்குத் தெரியும்பா, என் சால்டரிங் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான்.

அடுத்த கிட்டுக்கு உட்காரும்போது முதலில் என் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னான். நடுங்கிக்கொண்டே கழற்றினேன்.