ஒரு மஞ்சள் ஆச்சரியக்குறியின் வரலாறு



போன வாரம் இரவு பத்தரை மணிக்கு ஒரு பழைய மாணவன் போன் செய்தான். ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். பேக்கிங் மெஷினில் டச் பேனல் பழுதாகி, அதே மாடலில் வேறொன்று பொருத்தியிருக்கிறார்கள். லேப்டாப்பிலிருந்து யு.எஸ்.பி. கேபிள் வழியாகப் புரோகிராமை ஏற்ற வேண்டும். கேபிளைச் செருகினால் திரையில் மஞ்சள் ஆச்சரியக்குறிதான் வருகிறது. மதியத்திலிருந்து லைன் நிற்கிறது. "இந்தச் சின்ன வேலைகூடத் தெரியாதான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க சார்" என்றான். குரல் கம்மியிருந்தது.

வரலாற்று வாத்தியாரால் அந்த நேரத்தில் ஆறுதல்தான் சொல்ல முடிந்தது. மறுநாளிலிருந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். சின்ன வேலை இல்லை, ஐம்பது வருடக் கதை. உங்களுக்கும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் இயந்திரங்களை ஓட்டியது ரிலேக்களும் பொத்தான்களும். ஒரு சிறு மாற்றம் வேண்டுமென்றாலும் ஒயர்களைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதற்கு மாற்று கேட்டது. டிக் மோர்லியும் அவரது கூட்டாளிகளும் உருவாக்கிய மோடிகான் 084 என்ற கருவி 1969-ல் வந்தது. இன்று பி.எல்.சி. என்று நாம் சொல்வதன் முன்னோடி அது.

பொத்தான்களுக்கும் மாற்று வந்தது. ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி ஒன்றைக் கட்டினார்கள். அதற்கு வேண்டிய பொத்தான்களையெல்லாம் வைத்தால் கட்டுப்பாட்டு அறை கொள்ளாது. ஃபிராங்க் பெக், பென்ட் ஸ்டம்ப் என்ற இரு பொறியாளர்கள் தொடுதிரையைக் கொண்டுவந்தார்கள். தேவைக்கேற்ப அதே கண்ணாடியில் வேறு வேறு பொத்தான்கள் தோன்றும். 1976-ல் அந்த முடுக்கி ஓடத் தொடங்கியபோது அதை இயக்கியவை அந்தத் திரைகள்தாம்.

இப்படிப்பட்ட கருவிகளைக் கணினியோடு பேச வைக்க அப்போது இருந்தது சீரியல் கேபிள். ஆர்.எஸ். 232 என்ற அந்தத் தரம் 1960-ல் வந்தது. அதில் யார் யாரென்ற விசாரணை கிடையாது. இரு பக்கமும் வேகம் முதலான சில அமைப்புகளை நாமே ஒன்றாக வைத்துவிட்டால் பேச்சு நடக்கும். தவறாக வைத்தால் நடக்காது. தொல்லைதான், ஆனால் என்ன நடக்கிறது என்பது நம் கையில் இருந்தது.

வீட்டில் ஒரு பிரிண்டரை இணைக்கக்கூடப் பாடுபட வேண்டியிருந்த காலம் அது. வதோதராவில் படித்து இன்டெல் நிறுவனத்தில் வேலை பார்த்த அஜய் பட் என்ற பொறியாளர், எல்லாவற்றுக்கும் ஒரே செருகி போதாதா என்று யோசித்தார். ஏழு நிறுவனங்கள் சேர்ந்து உழைத்து, 1996 ஜனவரியில் யு.எஸ்.பி. வெளிவந்தது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. யு.எஸ்.பி.யில் செருகிய கருவி முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண் என்று இரண்டு எண்களைச் சொல்லும். அந்த எண்களுக்குரிய டிரைவர் தன்னிடம் இருக்கிறதா என்று கணினி தேடும். கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ் ஆகியவற்றுக்குப் பொதுவான டிரைவர்கள் விண்டோஸிலேயே உண்டு. அதனால் செருகியவுடன் வேலை செய்கின்றன. தொழிற்சாலைப் பேனல்கள் பலவற்றுக்கு அந்தந்த நிறுவனமே டிரைவர் தர வேண்டும். அது இல்லாதபோது வருவதுதான் மஞ்சள் ஆச்சரியக்குறி. சாதி சனம் தெரியாத விருந்தாளியை வாசலிலேயே நிறுத்துவது போல.

1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98 இயங்கிய கணினியில் ஒரு ஸ்கேனரை யு.எஸ்.பி.யில் செருகிக் காட்டினார்கள். திரை முழுக்க நீலமாகிக் கணினி நின்றுபோனது. இதைச் சொன்னதும் மாணவன் முதல்முறையாகச் சிரித்தான்.

பிறகு பூட்டுகளும் கூடின. விஸ்டாவின் 64 பிட் பதிப்பிலிருந்து, டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை விண்டோஸ் ஏற்பதில்லை. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் எக்ஸ்பி காலத்து 32 பிட் டிரைவர் இன்றைய 64 பிட் லேப்டாப்பில் ஏறாது. மெஷின் இருபது வருடம் உழைக்கிறது, விண்டோஸ் சில வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது. இடையில் மாட்டிக்கொள்பவன் நம் பையன்.

சரி, லைன் எப்படி ஓடியது? அங்கே ஓய்வுபெற்ற போர்மேன் ஒருவர் வீட்டுக்கு மறுநாள் காலையில் போயிருக்கிறான். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். பேனல் மாடல் எண், சாஃப்ட்வேர் பதிப்பு, கீழே ஒரு வரி: முதலில் சாஃப்ட்வேர், பிறகுதான் கேபிள். இவன் கேபிளை முதலில் செருகியதால் கணினி அதை "தெரியாத கருவி" என்று பதிந்து வைத்திருந்தது. அந்தப் பதிவை நீக்கினான். கேபிளைக் கழற்றினான். அந்த மாடலுக்கான 64 பிட் டிரைவரைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கி, அட்மினிஸ்டிரேட்டர் உரிமையோடு நிறுவி, கணினியை அணைத்துப் போட்டு, கடைசியில் செருகினான். கேபிளையும் மாற்றினான்.  மதியத்துக்குள் லைன் ஓடியது.

அவனைக் கடிந்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. செருகியை உலகம் பொதுவாக்கிவிட்டது. அறிமுகத்தைப் பொதுவாக்கவில்லை. அதை யாராவது எழுதிப் பாதுகாத்தாக வேண்டும். அங்கே அதைச் செய்தவர் ஒரே ஒருவர், அதுவும் சொந்த நோட்டில். அவர் ஊரை விட்டுப் போயிருந்தால்?

கல்வெட்டும் ஓலைச்சுவடியும்தான் ஆவணம் என்று வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. திருத்திக்கொள்கிறேன். தொழிற்சாலைகளில் இருக்கும் என் பிள்ளைகள் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். மாடல் எண், டிரைவர், எந்த விண்டோஸ், எந்தக் கேபிள், எந்த வரிசை, எல்லாம் எழுதுங்கள். டிரைவரை இரண்டு இடத்தில் சேமியுங்கள். நோட்டை மெஷின் பக்கத்திலேயே வையுங்கள், உங்கள் பையில் அல்ல.

நம் மாணவன் ஆரம்பித்துவிட்டான். முதல் பக்கத்தில் அந்தப் போர்மேன் பெயரை எழுதியிருக்கிறானாம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்